விரலைத் திட்டாதீங்க, கழுத்தைப் பாருங்க

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பெண் கிட்டாரை உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, அதை அலமாரி மேலே தூக்கி வைக்கச் சொன்னாள். வயசு பதினொன்று.

"எனக்கு கை சின்னதுப்பா. எஃப் வரவே மாட்டேங்குது. எனக்கு மியூசிக் வராது போல."

கிட்டார் பழகினவர்களுக்கு இந்த எஃப் யாரென்று தெரியும். முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து ஆறு கம்பிகளையும் ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டு, மீதி விரல்களை மூன்றாவது ஃப்ரெட் வரை நீட்ட வேண்டும். பாதிப் பேர் கிட்டாரை விடுவது இந்த இடத்தில்தான் என்று பழகியவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

ஏழு மாதம் முன்னால் சென்னையில் ஒரு கடையில் வாங்கி, திருத்தணி வரை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது. கம்பி விரலை அறுக்கிறதே என்று அப்போதே கேட்டேன். "புதுசுல அப்படித்தான் சார், விரல் காய்ச்சுப் போனா சரியாயிடும்" என்றார் கடைக்காரர். நானும் அதையே என் பெண்ணிடம் ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் அழுத்து." "தினமும் பழகினாத்தானே வரும்?" விரல் நுனியில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்ததைப் பார்த்த பிறகும் அதையேதான் சொன்னேன்.

தப்பு அவள் விரலில் இல்லை, கிட்டாரில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பக்கத்துத் தெருவில் வீணை சொல்லிக்கொடுக்கும் டீச்சர்.

அன்றைக்கு வேறு வேலையாக வீட்டுக்கு வந்தவர், உறையைப் பார்த்து "என்ன பாப்பா, அதுக்குள்ள மூட்டை கட்டிட்டியா?" என்று கேட்டு, கிட்டாரை வெளியே எடுத்து மடியில் படுக்க வைத்து ஒரு பக்கக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்துக்குப் பார்த்தார். பிறகு முதல் ஃப்ரெட்டில் விரலை வைத்து அழுத்தினார்.

"தம்பி, கம்பி இவ்ளோ உசரத்துல நிக்குதே, யாரும் பாக்கலையா? வீணையா இருந்தா இதை மெழுகு கட்டாம வாசிக்கவே மாட்டோம்."

வீணை வாசிப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம். வீணையில் மெட்டுகள் மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. வெயிலிலும் நாள்பட்ட உபயோகத்திலும் மெழுகு நகரும். அப்போது கைதேர்ந்தவரைக் கூப்பிட்டு இருபத்து நான்கு மெட்டுகளையும் எடுத்து, மெழுகு போட்டு, ஸ்வரம் பார்த்து மறுபடி பதிக்கிறார்கள். மேளம் கட்டுவது என்று இதற்குப் பெயர். வாத்தியத்தைச் சரி செய்வது வாசிப்பின் ஒரு பகுதி என்று அவர்களுக்குத் தெரியும். கிட்டார் வாங்குகிற நமக்கோ அது மிக்சி மாதிரி. பெட்டியிலிருந்து எடுத்தால் வேலை செய்ய வேண்டும், செய்யாவிட்டால் நமக்கு ஓட்டத் தெரியவில்லை.

நான் படித்தது பி.இ. மெக்கானிக்கல், இருபது வருஷமாகச் செய்வது சாப்ட்வேர். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பழைய இன்ஜினியரிங் மெக்கானிக்ஸைத் தூசி தட்டி எடுத்தேன். கிட்டாரின் கழுத்தும் உடலும் வாசிப்பையும் ஒலியையும் எப்படித் தீர்மானிக்கின்றன என்று தேடிப் படித்ததும், வீட்டில் அளந்து பார்த்ததும்தான் இந்தக் குறிப்புகள்.

கொடிக்கயிற்றுக் கணக்கு

மாடியில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நடுவில் பிடித்து கீழே இழுத்துப் பாருங்கள். சுலபமாக இறங்கும். கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து அதே அளவு இறக்கப் பாருங்கள். கை வலிக்கும். கயிறு அதேதான், இழுவிசையும் அதேதான். கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் போகப் போக, கொஞ்சம் இறக்கவே கயிறு செங்குத்தாகச் சாய வேண்டியிருக்கிறது. சாய்வு கூடினால் விசையும் கூடும்.

கிட்டார்க் கம்பி கட்டப்பட்டிருப்பது இரண்டு முனைகளில். தலைப் பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டை, அதற்கு நட் என்று பெயர். உடல் பக்கம் சேடில். அதைத் தாங்கும் மரக்கட்டை பிரிட்ஜ், வீணையில் குதிரை என்கிறோம். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஆக்‌ஷன் என்கிறார்கள்.

இப்போது கணக்கு. என் பெண்ணின் கிட்டாரில் நட்டிலிருந்து சேடில் வரை 650 மி.மீ. முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து சுமார் 36 மி.மீ. தள்ளி இருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில், 325 மி.மீ. தூரத்தில். கம்பியை 12-ஆவது ஃப்ரெட்டில் 2.5 மி.மீ. கீழே அழுத்த எவ்வளவு விசை வேண்டுமோ, ஏறக்குறைய அதே விசை முதல் ஃப்ரெட்டில் வெறும் அரை மி.மீ. அழுத்தத் தேவைப்படுகிறது! அதாவது முதல் ஃப்ரெட்டில் அரை மி.மீ. கூடுதல் என்பது கண்ணுக்கே தெரியாத அளவு, ஆனால் விரலுக்கு அது பெரிய சுமை. அதையும் ஆறு கம்பிகளுக்குச் சேர்த்து ஒரே விரலால் தாங்க வேண்டும். எஃப் வரவில்லை என்றால் ஆச்சரியம் என்ன?

கடையில் வரும் மலிவான கிட்டார்களில் நட்டின் பள்ளங்கள் பெரும்பாலும் ஆழம் குறைவாகத்தான் வெட்டப்பட்டிருக்கும். காரணம் சுலபம். பள்ளம் ஆழமானால் கம்பி ஃப்ரெட்டில் உரசி 'ஸ்ஸ்ஸ்' என்று அதிரும், வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவார். மேடாக விட்டுவிட்டால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள். கை சரியில்லை என்று தங்களையே நொந்துகொள்வார்கள்.

உயர்ந்த நட் இன்னொரு கெடுதலும் செய்யும். கம்பியை அதிகமாக அழுத்தினால் அது நீளும், நீண்டால் ஸ்ருதி ஏறும். திறந்த கம்பிகளைச் சுத்தமாக ஸ்ருதி சேர்த்திருந்தும் சி கார்டு வாசித்தால் ஏதோ கசப்பாகக் கேட்கிறது என்று என் பெண் முன்பே சொல்லியிருந்தாள். டியூனர் ஆப்பில் பார்த்தால் முதல் ஃப்ரெட் ஸ்வரம் 12 சென்ட் மேலே நின்றது. ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கேப்போ என்ற கிளிப்பை முதல் ஃப்ரெட்டில் மாட்டுங்கள். இப்போது நட்டின் உயரம் ஆட்டத்திலேயே இல்லை, முதல் ஃப்ரெட்தான் நட். அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளி இரண்டாவதில் வாசித்துப் பாருங்கள். திடீரென்று சுலபமாக வந்தால் குற்றவாளி நட்தான். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

"அட, வருதுப்பா!"

அந்தக் குரலைக் கேட்டதும் சந்தோஷத்தைவிட எனக்கு வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

நீளம், அகலம், வளைவு

நட் ஒரு பக்கம் இருக்கட்டும். கழுத்தில் கையைப் பாதிக்கும் விஷயங்கள் இன்னும் மூன்று உண்டு.

முதலாவது நீளம். ஃப்ரெட்டுகள் எங்கே வர வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு. கம்பியின் மொத்த நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம் வரும். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது சரியாகப் பாதியில் வந்து நிற்கும். அதனால் கம்பி நீளம் குறைந்தால் எல்லா இடைவெளியும் அதே விகிதத்தில் குறையும். 650 மி.மீ. கிட்டாரில் முதல் ஃப்ரெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 67 மி.மீ. நீளம் 580 மி.மீ. என்றால் அது 60 மி.மீ. பதினொரு வயசு விரலுக்கு அந்த 7 மி.மீ. பெரிய தூரம்.

நீளம் இழுவிசையையும் மாற்றும். ஒரே கம்பி, ஒரே ஸ்ருதி என்றால் இழுவிசை நீளத்தின் இருமடிப்படி ஏறும். 650-க்குப் பதில் 580 என்றால் நீளம் 11 சதவீதம்தான் குறைவு, இழுவிசையோ 20 சதவீதம் குறைவு. சின்னக் கிட்டார் மெத்தென்று இருப்பது அதனால்தான். சும்மா வருமா? தளர்ந்த கம்பி அகலமாக ஆடும், கீழ்க் கம்பிகளின் அடர்த்தி கொஞ்சம் போகும்.

இரண்டாவது அகலம். நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டாரின் நட் 52 மி.மீ. அளவு இருக்கும். இரும்புக் கம்பி கிட்டாரில் 43 மி.மீ. சுற்றளவில். அகலமானால் விரலும் விரலும் இடிக்காது, தனித்தனிக் கம்பியாக மீட்டுபவர்களுக்கு வசதி. குறுகலானால் கையைச் சுற்றிப் பிடித்து கார்டு வாசிக்க வசதி. இதில் நல்லது கெட்டது இல்லை, நம் கையும் நாம் வாசிப்பதும்தான் கணக்கு. நைலான் கம்பியின் மொத்த இழுவிசை இரும்புக் கம்பியில் ஏறக்குறைய பாதிதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வளைவு. வழக்கமான இரும்புக் கம்பி செட் ஒன்று கழுத்தை 70 கிலோவுக்கு மேலான விசையில் முன்னால் இழுக்கிறது. ஒரு ஆள் எந்நேரமும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். மரம் வளையத்தானே செய்யும்? அதைச் சமாளிக்க கழுத்துக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, ட்ரஸ் ராட். 1920-களில் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த யோசனை. அதன் முனையை எல் சாவியால் திருகினால் கழுத்து நிமிரும் அல்லது தளரும். கழுத்து முழுக்க நேராக இருக்கக் கூடாது. கம்பி நடுவில்தான் அகலமாக ஆடும், அதனால் நடுவில் மயிரிழை பள்ளம் வேண்டும். முதல் ஃப்ரெட்டையும் பதினான்காவதையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு ஏழாவதில் பாருங்கள். ஒன்றிரண்டு ஏ4 தாள் நுழையும் இடைவெளி போதும்.

நம்ம ஊர் வானிலைக்கும் இதில் பங்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் ஊறி மேல்பலகை உப்பும், கம்பி உயரும். சித்திரை வெயிலில் வற்றி இறங்கும். மூடின கார் வெயிலில் நின்றால் உள்ளே ஏறும் சூட்டில் பிரிட்ஜை ஒட்டின கோந்தே இளகிவிடலாம். அலமாரி மேல் வைப்பதும் தப்பு, கூரைச் சூடு நேராக அங்கேதான் இறங்கும்.

கிட்டாருக்கு வீணை சொன்ன பாடம்

திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு வீணையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) முதல் கீர்த்தனையை இந்த மலையில்தான் பாடினார் என்பது மரபு. மாயாமாளவகௌளையில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'. முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறுகிறவர்களில் பலருக்கு அவர் பாடகராகத்தான் தெரியும். அவர் தேர்ந்த வைணிகர். அவருடைய வீணையில் கழுத்தின் முனையில் இருக்கும் யாளி மற்ற வீணைகளைப் போலக் கீழே பார்க்காமல் மேலே பார்த்திருக்கும் என்பார்கள்.

வீணையின் கழுத்து, அதாவது தண்டி, கிட்டார்க் கழுத்துக்கு நேர் எதிர்த் தத்துவத்தில் செய்தது. கிட்டாரில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு ஃப்ரெட், விரல் அங்கங்கே குதிக்கும். வீணையில் ஒரே மெட்டில் நின்றுகொண்டு கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தே பல ஸ்வரங்களைத் தொடலாம். கமகம் பிறப்பது அங்கேதான். அதற்கு மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்க வேண்டும், விரல் மரத்தைத் தொடவே கூடாது. தொட்டால் உராய்வு, இழுவை வராது. அதனால் வீணையில் உயரம் இருக்கிறது, ஆனால் அது மெட்டின் உயரம். கம்பிக்கும் மெட்டுக்குமான இடைவெளி அல்ல. டீச்சர் என் பெண்ணின் கிட்டாரைப் பார்த்ததும் கண்டுபிடித்தது இந்த வித்தியாசத்தைத்தான்.

இதைப் புரிந்துகொண்ட ஒரு கிட்டார்க்காரர் ஜான் மெக்லாக்லின். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். 1975-இல் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவாக வாசித்தபோது சாதாரண கிட்டார்க் கழுத்து அவருக்குப் போதவில்லை. கிப்சனுக்காக ஆப்ரகாம் வெக்டர் அவருக்குக் கட்டிக்கொடுத்த கிட்டாரில் ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. விரல் மரத்தில் படாது, கம்பி தாராளமாக வளையும். உடலின் குறுக்கே ஏழு அனுதாபக் கம்பிகளும் ஓடின. கழுத்தில் சில மி.மீ. மரத்தை எடுத்ததால் வேறொரு இசையே அந்தக் கைக்குக் கிடைத்தது.

குடத்துக்குள் என்ன நடக்கிறது

இதுவரை கை. இனிமேல் காது.

கம்பிக்கு மட்டும் சத்தம் கிடையாது. மெல்லிய கம்பி காற்றைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போகுமே தவிர, காற்றைத் தள்ளாது. அதன் அதிர்வை பிரிட்ஜ் வழியாக வாங்கி, அகலமான பரப்பால் காற்றைத் தள்ளுவது மேல்பலகை. மூன்று மி.மீ. கூட இருக்காது. கிட்டாரின் குரல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பலகையின் குரல்.

அதற்குத் துணை உள்ளே இருக்கும் காற்று. காலிக் குடத்தின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரு குரல் வருமே, அதேதான். வீணையின் உடலைக் குடம் என்று சொன்னவர்களுக்கு இயற்பியல் தெரிந்திருக்கிறது. சாதாரண கிட்டார்க் குடத்தின் காற்று நொடிக்கு சுமார் 100 அதிர்வில் முழங்கும், மேல்பலகை 200 பக்கத்தில். உங்கள் கிட்டாரின் வட்டத் துளைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, கீழ் ஸ்ருதியிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே 'ம்ம்' என்று முனகுங்கள். ஒரு இடத்தில் குடம் திருப்பி முனகும், கையிலேயே தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. கிட்டாரின் தடித்த கீழ்க் கம்பி 82 அதிர்வு. காற்றின் முழக்கத்துக்கும் கீழே. அந்த அடிப்படை ஒலியைக் கிட்டார் மிகக் கொஞ்சமாகத்தான் வெளியே விடுகிறது. மேலே இருக்கும் மடங்குகளைக் கேட்டு, கீழே இருக்க வேண்டியதை நம் மூளையே போட்டுக்கொள்கிறது.

குடம் பெரிதானால் காற்று முழக்கம் கீழே இறங்கும், சத்தம் கனக்கும். கடைகளில் நாம் பார்ப்பதில் முக்கால்வாசி ட்ரெட்நாட் என்ற வடிவம். பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர். மார்ட்டின் நிறுவனம் 1916-இல் டிட்சன் என்ற வியாபாரிக்காகச் செய்துகொடுத்து, 1931-இல் தன் பெயரிலேயே விற்க ஆரம்பித்தது. அடிவயிறு கிட்டத்தட்ட 40 செ.மீ. அகலம். மேடையில் பாடகருக்குப் பின்னால் கேட்க வேண்டும் என்பதற்காகப் பெருத்த உடல் அது. பதினொரு வயசுப் பெண் அதன் மேல் கையைப் போட்டால் தோள் காதுக்கு ஏறிவிடும். யாருக்காகவோ வெட்டின சட்டையை நாம் குழந்தைக்கு மாட்டுகிறோம்.

பலகைக்குக் கீழே ஒட்டியிருக்கும் குச்சிகளும் முக்கியம். இரும்புக் கம்பி இழுக்கும் இழுப்பில் வெறும் பலகை மடங்கிவிடும். தாங்க வேண்டும், ஆனால் ஆடவும் விட வேண்டும். 1840-களிலிருந்து மார்ட்டின் பயன்படுத்திய எக்ஸ் வடிவ அமைப்புதான் இன்றைக்கும் இரும்புக் கம்பி கிட்டார்களின் அடிப்படை. கனமாகத் தாங்கினால் உறுதி, ஒலி அடங்கும். மெலிதாக விட்டால் ஒலி திறக்கும், ஆனால் சீக்கிரம் அடங்கும், நாளடைவில் வயிறும் தள்ளும். கிட்டார் செய்பவரின் கைத்திறன் முழுக்க இந்தப் பேரத்தில்தான்.

ஈட்டி மரமா, அட்டையா?

கடைக்காரர்கள் அதிகம் பேசுவது முதுகுப் பலகையின் மரத்தைப் பற்றி. ரோஸ்வுட் என்றால் விலை ஏறும். அந்த ரோஸ்வுட் வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி. பிரேசில் மரம் கிடைப்பது கஷ்டமானதும் 1969-இல் மார்ட்டின் இந்திய ஈட்டிக்கு மாறியது. அன்றிலிருந்து உலகத்தின் நல்ல கிட்டார்களில் பாதிக்கு முதுகு நம்ம மரம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அது ஒலியை எவ்வளவு மாற்றுகிறது? 1862-இல் ஸ்பெயினின் அன்டோனியோ டி டோரஸ் ஒரு கிட்டார் செய்தார். மேல்பலகை நல்ல மரம். முதுகும் பக்கங்களும் அட்டை! ஒலியைத் தீர்மானிப்பது மேல்பலகைதான் என்று காட்டுவதற்காகவே செய்தது. 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே முறைப்படி சோதித்தார்கள். ரோஜர் பக்னால் என்ற கைவினைஞர் ஆறு கிட்டார்களை ஒரே மாதிரி செய்தார், முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹாகனி, மேப்பிள், சபேலி, வால்நட். 52 கிட்டார் கலைஞர்கள் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு, எது எந்த மரம் என்று பார்க்க முடியாமல் வாசித்து மதிப்பெண் போட்டார்கள். ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். விலை உயர்ந்த மரம் தனியாகத் தெரியவில்லை.

ஆக, காசு அதிகமாகப் போகும் இடம் முதுகு. காதுக்கு அதிகம் வேலை செய்யும் இடம் மேல்பலகை. கைக்கு அதிகம் வேலை செய்யும் இடம் கழுத்து. கடையில் பேச்சு நடப்பதோ நேர் தலைகீழ் வரிசையில்.

குறையா, குரலா?

கம்பி எதிலாவது லேசாக உரசினால் கிட்டார்க்காரர் அதைக் குறை என்பார். வீணையிலோ அதுதான் குரலே. கிட்டாரின் சேடில் கூர்மையான விளிம்பு, கம்பி அங்கே சட்டென்று முடிகிறது. வீணைக் குதிரையின் மேல் அகலமான, லேசாக வளைந்த உலோகத் தகடு. கம்பி ஆடும்போது அந்த வளைவை ஒட்டியும் விலகியும் உரசிக்கொண்டே போகும்.

1921-இல், கல்கத்தாவில் இருந்தபோது சி. வி. ராமன் இதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கம்பியை மீட்டும் இடத்தில் எந்த மடங்கு ஒலிக்கு அசைவு இருக்கக் கூடாதோ, அந்த மடங்கு கேட்கவே கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரில் வழங்கும் விதி. வீணையும் தம்புராவும் அந்த விதியை மதிப்பதில்லை, கேட்கக் கூடாத மடங்குகளும் பலமாகக் கேட்கின்றன, காரணம் அந்த வளைந்த குதிரை என்று காட்டினார்.

உரசல் எங்கே, எவ்வளவு, யார் இஷ்டப்பட்டு என்பதுதான் விஷயம். வீணை செய்பவர் அந்தத் தகட்டை ராவி ராவிக் கொண்டுவருவது அவர் விரும்பிய ஒலியை. என் பெண்ணின் கிட்டாரில் நட்டை யாரும் விரும்பி அந்த உயரத்தில் விடவில்லை. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அரமும் சமையல் சோடாவும்

நட் பள்ளத்தை அறுக்கும் சிறப்பு அரம் விலை அதிகம். ஹார்டுவேர் கடையில் வெல்டிங் டிப் கிளீனர் என்று மெல்லிய ரம்பக் கம்பிகளின் கொத்து ஒன்று கிடைக்கும், அது போதும். மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பியைப் பார்த்தேன். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. தாள் நுழைகிற அளவு இருந்தால் போதும். கம்பியைத் தளர்த்தி, நாலு இழுப்பு, மறுபடி ஸ்ருதி சேர்த்து, பார்த்து, மறுபடி நாலு இழுப்பு. ஆறு கம்பிக்கும் ஒரு மாலை முழுக்க ஆனது.

மூன்றாவது கம்பியில் அவசரப்பட்டு அதிகம் அறுத்துவிட்டேன், அதிர ஆரம்பித்தது. பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவி ஒரு சொட்டு ஃபெவிகுயிக் விட்டால் கல் மாதிரி இறுகும். மறுபடி அறுத்தேன். சேடிலின் அடியைச் சமதளத்தில் வைத்த உப்புத்தாளில் தேய்த்து அதையும் இறக்கினேன். 12-ஆவது ஃப்ரெட்டில் அரை மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடிலில் ஒரு மி.மீ. எடுக்க வேண்டும். 12-ஆவது சரிபாதியில் இருப்பதால் வரும் கணக்கு இது. முடிவில் தடித்த கம்பி 2.5 மி.மீ., மெல்லிய கம்பி 2 மி.மீ. பக்கம் வந்து நின்றது. கம்பியையும் ஒரு படி மெல்லிய செட்டாக மாற்றினேன்.

கையில் தைரியம் இல்லாதவர்கள் ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள், "செட்டப் பண்ணணும், நட் உயரம் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால்தான் பார்ப்பார்கள்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே நாலு விஷயம் பார்த்துவிடுங்கள். குழந்தைக்கு என்றால் முதலில் உட்கார வைத்து, கை குடத்தின் மேல் தோள் தூக்காமல் விழுகிறதா என்று பாருங்கள். அடுத்து எஃப், அப்புறம் கேப்போ போட்டு அதே வடிவம், வித்தியாசம் எவ்வளவு? கழுத்தை ஒரு கண்ணால் நீளத்துக்குப் பார்த்து முறுக்கல் இருக்கிறதா என்று கவனியுங்கள். ட்ரஸ் ராட் இருக்கிறதா, திருகச் சாவி தருகிறார்களா என்று கேளுங்கள். மரத்தைப் பற்றிய பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

எஃப் இப்போது வருகிறது. எப்போதும் இல்லை, பத்துக்கு ஆறு தடவை. மீதி நாலு பழகினால் வரும். அதை அவளே சொல்கிறாள், நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். நேற்று ராத்திரி ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்கு நடந்தபோது தெருமுனையிலேயே கேட்டது, சி, ஏ மைனர், எஃப், ஜி. எஃப்-இல் கொஞ்சம் தடுமாறி நின்று, மறுபடி ஆரம்பித்தாள்.

உறை இன்னும் அலமாரி மேலேதான் இருக்கிறது. காலியாக.